ஐக்யூ, ஆப்டிட்யூட் ரிப்போர்ட்ட எப்படி படிக்கிறது (காசு குடுக்குறதுக்கு முன்னாடியே படிச்சுருங்க)

பத்தாவது ரிசல்ட் வந்தா போதும், எங்க தஞ்சாவூர் திருவாரூர் பக்கம் எந்த குரூப் எடுக்கலாம்னு ஆளாளுக்கு கிளம்பிருவாங்க. மன்னார்குடி பக்கம் எங்க அக்கா பையன் படிக்கிற ஸ்கூல்ல ஒரு கேம்ப் போட்டு பத்து விரலயும் ஸ்கேன் பண்ணி கலர் கலரா ஒரு புக்கே குடுத்துட்டாங்க. "மாமா, எனக்கு லாஜிக் 9 பர்சென்ட்தானாம், மேத்ஸ் குரூப் எடுக்க வேணாமாம்"னு போன்ல அழுகாத குறை. இவன்தாங்க நடவு அன்னிக்கு தாத்தா கூட வரப்புல நின்னுகிட்டு, ஏக்கருக்கு மூணு மா, அப்ப ஏழு மாவுக்கு எத்தன கட்டு நாத்து, எத்தன ஆளு கூலின்னு பேப்பரே இல்லாம சொல்றவன்.

அதனால மொதல்ல இத சொல்லிடுறேன். டிஎம்ஐடின்னு விரல் ரேகைய வச்சு மூளைய படிக்கிறதுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. ரேகை வயித்துக்குள்ள இருக்கும்போதே உருவாகி அப்படியே நின்னுரும், அதுக்கும் கணக்கு வரதுக்கும் சம்பந்தமில்ல. நெசமான டெஸ்ட்டுன்னா புள்ள உக்காந்து எதையாவது செய்யணும், பதில் சொல்லணும், கட்டைய அடுக்கணும்.

அடுத்து, போறதுக்கு முன்னாடி உங்க கேள்வி என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. "எம்புள்ள எப்படி?"ன்னு கேட்டா ஜோசியர்கிட்ட போன மாதிரிதான் ஆகும். "வாயால நல்லா சொல்றான், எழுதுனா எழுத்து விட்டுப்போகுது, ஏன்?" இது கேள்வி. இந்த மாதிரி விஷயத்துலதான் டெஸ்ட் உண்மையிலயே பிரயோஜனம், ஏன்னா ஐக்யூ சரியா இருந்து படிக்கிறது எழுதுறது மட்டும் ரொம்ப பின்தங்கியிருந்தா கற்றல் குறைபாடான்னு பாப்பாங்க, அப்படின்னு உறுதியாகி முறையா சர்டிஃபிகேட் வாங்குனா பப்ளிக் எக்ஸாம்ல கூடுதல் நேரம் மாதிரி சலுகை கேக்கலாம். இதுக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்குற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா பாருங்க, கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநல பிரிவுல விசாரிச்சா வழி சொல்வாங்க.

இப்ப ஐக்யூ நம்பர். எங்க அக்கா மாதிரி "98 வந்துருக்கு, ரெண்டு மார்க் எங்க போச்சு"ன்னு கேக்காதீங்க! அது மார்க்கே இல்ல. அந்த வயசு புள்ளைங்களோட சராசரிய 100ன்னு வச்சிருக்காங்க, மூணுல ரெண்டு பேரு 85ல இருந்து 115க்குள்ள வந்துருவாங்க. அதே புள்ள வேற நாள் எழுதுனா நாலஞ்சு பாயிண்ட் ஏறும் எறங்கும், அதனால 98க்கும் 102க்கும் வித்தியாசம் பாக்குறது வீண். பெர்சன்டைல்னு போட்டிருந்தா அதுவும் பர்சென்ட் இல்ல, 70 பெர்சன்டைல்னா நூறு பேர்ல சுமார் எழுபது பேர விட மேலன்னு அர்த்தம். 1905ல பாரிஸ்ல பினேவும் சிமோனும் இந்த மாதிரி டெஸ்ட்ட மொதல்ல செஞ்சதே ஸ்கூல்ல எந்த புள்ளைக்கு கூடுதல் கவனிப்பு வேணும்னு கண்டுபிடிக்கத்தான், யாரு அறிவாளின்னு வரிசைல நிறுத்த இல்ல.

எந்த பாஷைல வச்சாங்க, யாரோட ஒப்பிட்டாங்கன்னும் கேளுங்க. தமிழ் மீடியம் புள்ளைக்கு இங்கிலீஷ்ல வச்சா பாதி டெஸ்ட் இங்கிலீஷுக்குத்தான். எழுத படிக்க தெரியாதவங்களுக்கும் வைக்கிற மாதிரி கட்டை, படம், வரையிறதுன்னு பாட்டியா பேட்டரின்னு நம்ம நாட்லயே 1955ல வந்துச்சு.

ஆப்டிட்யூட் ரிப்போர்ட்ல, அதாவது எதுல திறமைன்னு பாக்குற ரிப்போர்ட்ல, மொத்த மார்க்க விட்டுருங்க, மேடு பள்ளத்த பாருங்க: சொல் திறன், எண் திறன், உருவத்த மனசுல திருப்பி பாக்குறது, வேகம், இதுல எது துருத்திகிட்டு நிக்குதுன்னு. இதெல்லாம் பொறவிலயே வந்ததுன்னும் நெனைக்க வேணாம், டிஎன்பிஎஸ்சி குரூப் 4ல 200 கேள்வில 25 இந்த வகைதான், போட்டுப் போட்டு பாத்து ஸ்கோர ஏத்துனவங்க உங்க தெருவுலயே இருப்பாங்க.

பர்சனாலிட்டி டெஸ்ட்ல பெரும்பாலும் நீங்க உங்கள பத்தி என்ன நெனைக்கிறீங்களோ அதத்தான் திருப்பி குடுக்கும். இன்டர்வியூன்னா யாரும் "நான் சோம்பேறி"ன்னு டிக் அடிக்க மாட்டாங்க. ஆளுங்கள 16 டைப்பா பிரிச்சு ஒவ்வொரு டைப்புக்கும் நாலு எழுத்து பேரு குடுக்குற டெஸ்ட் (எம்பிடிஐ) ஒண்ணு இருக்கு, அத கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப எழுதுனா நெறைய பேருக்கு எழுத்தே மாறிடுது. குணத்த அஞ்சு அம்சமா பிரிச்சு பாக்குற ஃபைவ் ஃபேக்டர்னு சொல்ற வகை பரவால்ல, "இவன் கூச்ச டைப்"னு கட்டம் போடாம எவ்ளோ கூச்சம்னு அளவா சொல்லும். 1948ல ஃபோரர்னு ஒரு வாத்தியார் ஸ்டூடன்ட்ஸ் எல்லாருக்கும் ஒரே ரிப்போர்ட்ட, உனக்குன்னே எழுதுனதுன்னு சொல்லி குடுத்தாரு, சராசரியா அஞ்சுக்கு நாலுக்கு மேல மார்க் போட்டு சரியா இருக்குன்னாங்களாம். நீங்களும் செஞ்சு பாருங்க, புள்ளையோட ரிப்போர்ட்ல பேர மறைச்சுட்டு மச்சான்கிட்ட குடுங்க, "அட, என்னயே சொன்ன மாதிரி இருக்கே"ன்னா அந்த பக்கத்த கிழிச்சுரலாம்.

டெஸ்ட் அன்னிக்கு காய்ச்சல் கீய்ச்சல்னா தேதிய மாத்துங்க, காலைல நல்லா சாப்ட வச்சு கூட்டிட்டு போங்க. கண்ணாடி மறக்காதீங்க. பின்னாடி எங்க அக்கா பையனுக்கு கேள்வியோட ஒரு நெசமான டெஸ்ட் வச்சப்ப அத வீட்லயே விட்டுட்டு போயி, படத்துல விட்டுப்போனது எதுன்னு கேட்டா கிட்ட வச்சு தடவிகிட்டு இருந்தான், நல்லவேளை டெஸ்ட் வச்ச அம்மா பாத்துட்டு இன்னொரு நாள் வாங்கன்னு அனுப்பிட்டாங்க.