வீடு கட்டும் முன் பக்கத்து மனைக்காரருக்குத் தெரிவிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண வீட்டுக் கட்டட அனுமதிக்குப் பக்கத்து மனைக்காரரின் கையெழுத்து தேவையில்லை. அதனால் மதுரையில் புதிதாகக் கட்டுவோர் பலர் வானம் (அடித்தளக் குழி) தோண்டும் அன்றுதான் அவரிடம் சொல்கிறார்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட தல ஆய்வு இல்லாமலே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. தல ஆய்வின்போதே தெரியவந்த எல்லைத் தகராறு இப்போது கடப்பாரை இறங்கிய பிறகுதான் தெரிகிறது.

குடியிருப்பவரை உரிமையாளராக நினைப்பது

பணத்தைக் கரைக்கும் தவறு இதுதான். இத்தனை பேர் பட்ட பிறகும் தொடர்வது எரிச்சலூட்டுகிறது.

பக்கத்து வீடு மாசி வீதிகளை ஒட்டிய ஒரு சந்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இன்னும் தாத்தா பெயர். மாடியில் மூத்த மகன், கீழே வாடகைக்காரர், மகள்கள் வெளியூரில். கட்டுபவர் மூத்த மகனிடம் கையெழுத்து வாங்கிவிட்டு நிம்மதியாகிவிடுவார். தூண் எழும்பும்போது ஒரு மகள் முன்சீப் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்பார். பாகப்பிரிவினை ஆகாத சொத்தில், பவர் பத்திரம் இல்லாத ஒருவரின் கையெழுத்து மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. வேலை நின்றால் கம்பி துருவேறும், கொத்தனார் வேறு இடம் போவார், கடனுக்கு வட்டி மட்டும் ஓடும்.

உங்கள் கிரயப் பத்திரத்தின் நான்குமாலில் (நாற்புற எல்லை விவரத்தில்) இருக்கும் பெயரையும் நம்பாதீர்கள். பல பத்திரங்களில் அது மூலப் பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்தெழுதியது.

முதலில் பக்கத்து மனையின் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) பாருங்கள். அந்த எண்ணுக்குப் பட்டாவோ நகர நில அளவைப் பதிவேட்டு நகலோ எடுங்கள். பிறகு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று (சொத்தின் பதிவான பரிமாற்றப் பட்டியல்) பாருங்கள். பட்டாவில் ஏறாத விற்பனை அங்கே அகப்படும். பெயருக்குரியவர் இறந்திருந்தால் வாரிசு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம், குடியிருப்பவருக்கு ஒரு நகல். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. அதில் பதிவு வசதியும் ஒப்புகையும் கேட்டு அனுப்புங்கள்.

"கட்டப் போகிறோம்" என்று மட்டும் எழுதுவது

சர்வே எண், எல்லையிலிருந்து விடும் இடம், வானத்தின் ஆழம், தொடங்கும் தேதி, பொறியாளர் தொலைபேசி எண், வரைபட நகல் எல்லாம் வேண்டும். வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன்பே அனுப்புங்கள். அப்போது ஆட்சேபனை வந்தால் ஒரு கோட்டை மாற்றினால் போதும்.

வாய்ச்சொல்லை நம்புவது

அவர் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பொதுச் சுவரைத் தன் சுவராகக் கருதுவது

இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் கை வைக்கத் தகவல் போதாது, எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களுக்கு அடித்தளம் ஆழமாக இருப்பதில்லை. அதை ஒட்டி முழு நீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டினால் அடிமண் சரிந்து சுவர் விரிசல் விடும். சிறு சிறு பகுதிகளாகத் தோண்டி, ஒன்றைக் கட்டி முடித்தபின் அடுத்ததைத் தொடுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல்களை அவர் முன்னிலையில், தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

நில வகைப்பாடு மாற்றத்துக்கும் கடிதம் போதும் என்பது

போதாது. அதற்கு நாளிதழில் முறையான அறிவிப்பும் ஆட்சேபனைக்கு அவகாசமும் உண்டு.

கேவியட்டில் பெயரை விடுவது

தகராறு வரும் என்று தெரிந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவில் கேவியட் என்னும் முன்னெச்சரிக்கை மனு போடலாம். உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வராமலிருக்க அது உதவும். 90 நாளில் காலாவதியாகும், அதற்குள் வழக்கு வராவிட்டால் புதிதாகப் போட வேண்டும். யார் வழக்குப் போடக்கூடும் என்று பெயர் குறித்து, அவருக்கும் தபாலில் அனுப்ப வேண்டும். பெயர் விடுபட்ட வாரிசு வழக்குப் போட்டால் உங்கள் கேவியட் கவனத்துக்கு வராமலே போகலாம்.