கோடைத் தீவிர வகுப்பில் பேச்சுத் திபெத்திய மொழி: எங்கே உழைக்க வேண்டும்

வகுப்பு தொடங்கும் முன்பே 30 மெய்யெழுத்துகளையும் 4 உயிர்க்குறிகளையும் எழுதிப் பழகிவிடுங்கள். பேச்சுதானே என்று தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்தால் முதல் வாரமே சிக்கல். திபெத்திய மொழியின் முதல் மூன்று எழுத்துகளும் தமிழில் ஒரே 'க'தான். திபெத்தின் தலைநகர் லாசாவின் பேச்சிலோ முதலாவது மூச்சில்லாமல் மேல்சுரத்தில், இரண்டாவது மூச்சோடு மேல்சுரத்தில், மூன்றாவது கீழ்சுரத்தில் வரும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துச் சொல்லுங்கள். இரண்டாவதற்குக் காற்று நன்றாகப் படவேண்டும், முதலாவதற்குப் படக்கூடாது. இதைத் தினம் 10 நிமிடம் செய்யுங்கள்.

வாக்கிய அமைப்பு நமக்குச் சுலபம். வினை கடைசியில்தான் வரும். ஆனால் அந்த வினையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தன்னை இன்னார் என்று சொல்ல 'யின்', பிறரை இன்னார் என்று சொல்ல 'ரே'. எதிரிலிருப்பவரிடம் கேட்கும்போது அவர் பதிலில் வரப்போகும் வினையே கேள்வியிலும் வரும்: "கேரங் கெகென் யின்பே?" (நீங்கள் ஆசிரியரா?) பதில் "யின்" (ஆம்) அல்லது "மென்" (இல்லை). ஒன்று இருப்பதை நேரில் கண்டு சொல்ல 'துக்'. பட்டியலாக மனப்பாடம் செய்யாமல் கேள்வி-பதிலாகவே பழகுங்கள்.

மரியாதைச் சொற்களைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். சாப்பிடுவதற்குச் சாதாரண வினை 'ஸா'. பெரியவர்களிடம் 'சே' என்றே சொல்ல வேண்டும்.

திபெத்தியர் பலர் வாழும் இமாச்சலப் பிரதேச நகரமான தர்மசாலாவில் படிப்பவர்கள் மாலையில் கடைகளில் பேசிப் பழகலாம். ஜூலை, ஆகஸ்டில் அங்கே அடைமழை, குடை இல்லாமல் போகாதீர்கள்.