திங்கட்கிழமை வயிற்றுவலி: என் அனுபவம்

பத்தாம் வகுப்பு மகளுக்கு மூன்று வாரமாகக் காலையில் தொப்புளைச் சுற்றி வலி. ஸ்கேன், ரத்தம், சிறுநீர் எல்லாம் சரி. பூச்சி மாத்திரை, ஓமத் தண்ணீர் எதற்கும் கேட்கவில்லை. லீவு போட்டால் மறுநாள் இன்னும் மோசம்.

வலி வந்த நேரத்தை மாதக் காலண்டரில் 14 நாள் குறித்தோம். ஞாயிறு இரவு 8 மணிக்கே தொடங்குகிறது; வெள்ளி மாலை முதல் இல்லை; தூக்கத்தில் எழுப்பியதே இல்லை. மனஅழுத்தத்திலும் குடல் இறுகி நிஜமாகவே வலிக்கும். "நடிக்கலைன்னு தெரியும்மா" என்றதும்தான் வாய் திறந்தாள்: திங்கள்தோறும் கணக்கு மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசிக்கிறார்கள்.

ஆசிரியரிடம் பேசினோம், வாசிப்பது நின்றது. காலையில் 4 எண்ணி மூச்சிழுத்து 6 எண்ணி விடுவது, 5 நிமிடம். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது, அப்பாடா!

எடை குறைந்தாலோ இரவில் வலி எழுப்பினாலோ மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல், உடனே 14416-ஐ (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) அழையுங்கள்.