பஸ் ஓடாத நாள்: லண்டனில் தனியாக இருப்பவர்களின் கிறிஸ்துமஸுக்கு

இங்கே வந்த முதல் வருஷம், 24ஆம் தேதி நள்ளிரவு ஆராதனைக்கு பஸ்ஸில் போனேன். முடிந்து வெளியே வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்ற பிறகு, நாயோடு வந்த ஒரு பெரியவர் சொன்னார்: "இனி நாளைக்கு முழுக்க எதுவும் வராதும்மா." ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்து வீடு சேர்ந்தேன்.

டிசம்பர் 25 அன்று லண்டனில் ட்யூப் என்கிற பாதாள ரயில், மற்ற ரயில், சிவப்பு பஸ் மூன்றுமே கிடையாது. முந்தின நாள் சாயங்காலமே வண்டிகள் குறைய ஆரம்பிக்கும். 26ஆம் தேதியும் பெரும்பாலான ரயில்கள் ஓடாது. அதனால் தூரத்தில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போவதென்றால், 24 பகலிலேயே போய் மூன்று ராத்திரி தங்குகிற மாதிரி பேசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால், நடந்து போகிற தூரத்தில் ஒரு தேவாலயத்தை இப்போதே பார்த்து, ஆராதனை நேரத்தைக் கேட்டு வையுங்கள்.

சாமான்களை 23ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். 280 சதுர மீட்டரைவிடப் பெரிய கடைகள் 25 அன்று திறக்கக் கூடாதென்று 2004ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. மூலைக்கடை திறந்திருக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு வாரம் முன்பே வாங்கி வைக்க வேண்டும். உடம்புக்கு ஏதாவது என்றால் மருத்துவ ஆலோசனைக்கான 111 தொலைபேசி எண் அன்றைக்கும் உண்டு.

இதெல்லாம் சுலபம். கஷ்டம் சாயங்காலம்தான். நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அப்போது ஊரில் இரவு ஒன்பதரை. அம்மா படுக்கப் போயிருப்பார். காலை ஏழு மணிக்கே கூப்பிட்டால் அங்கே பகல் பன்னிரண்டரை, வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், எல்லார் குரலும் கேட்கும். பேசி முடித்து, வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நீண்ட நடை போய் வாருங்கள். மூன்றிலிருந்து ஏழு மணி வரை மட்டும் தனியாக இருக்காதபடி ஏற்பாடு செய்துவிட்டால் போதும், அந்த நாள் கழிந்துவிடும்.

அதற்கு வெட்கப்படாமல் வாய் திறக்க வேண்டும். வேலை இடத்தில் டிசம்பர் முதல் வாரத்திலேயே "25ஆம் தேதி நான் தனியாகத்தான் இருப்பேன்" என்று சொல்லுங்கள். நமக்கு வேறு திட்டம் இருக்குமென்று நினைத்துத்தான் இவர்கள் கூப்பிடாமல் இருக்கிறார்கள். நான் சொன்ன அன்றைக்கே இரண்டு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வீடற்றவர்களுக்காக உழைக்கும் 'கிரைசிஸ்' அமைப்பின் கிறிஸ்துமஸ் மையங்களில் தொண்டு செய்யவும் போகலாம். அதற்கு சில மாதம் முன்பே பதிய வேண்டும்.

24ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு மட்டும் வானொலியைப் போட்டுவிடுங்கள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் 1918இல் தொடங்கிய பாடல் ஆராதனை அது. 1928இல் முதன்முதலாக பிபிசியில் ஒலித்தது. ஒரு சிறுவன் தனியாகப் பாடித் தொடங்குவான். எந்தச் சிறுவன் என்பது கடைசி நொடியில்தான் அவனுக்கே தெரியும். துணைக்கு எந்த இசையும் இல்லாமல் அந்தக் குரல் எழும்போது நான் சமையலை நிறுத்திவிடுவேன்.

போன வருஷம் கீழ்த்தளத்தில் புதிதாக வந்த பெண்ணையும் சாப்பிடக் கூப்பிட்டேன். என்னிடம் இரண்டே நாற்காலி, உட்காருகிறவர்கள் மூன்று பேர். அவளே ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள்.