மாடல் எண்ணிலேயே இருக்கிறது விலை

1970, 80களின் ஜப்பானிய எலெக்ட்ரிக் கிதார் வாங்குவதற்கு முன் மாடல் எண்ணின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அது பெரும்பாலும் அன்றைய விலை: டோக்காய் டி.எஸ்.டி.-50 என்றால் 50,000 யென், ஃபெண்டர் ஜப்பான் எஸ்.டி.62-115 என்றால் 1,15,000 யென். கிரெகோ இ.ஜி.-700 என்பது 70,000 யென்; இங்கே ஆயிரத்தால் அல்ல, நூறால் பெருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஒரே வகைக் கிதார்களில், விலை வேறானாலும் வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். மரம், பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகம்), மேற்பூச்சு ஆகியவற்றில்தான் விலைக்கேற்ற வேறுபாடு. ஃபெண்டர் ஜப்பானில் மாடல் எண் தலைப்பகுதியில் இருக்காது. கழுத்தைக் கழற்றி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டியிருக்கலாம். விற்பவர் மறுத்தால் புகைப்படமாவது கேளுங்கள், தயங்க வேண்டாம்.

வெவ்வேறு ஆண்டுக் கிதார்களை இந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. பிக்கப் மாற்றப்பட்டிருந்தாலோ, கழுத்தும் உடலும் வேறு வேறு கிதார்களிலிருந்து வந்திருந்தாலோ எண் உதவாது.