நாய் சொறிந்துகொண்டே இருக்கிறதா? முதலில் எந்த இடம் என்று பாருங்கள்

எங்கள் நாய் மணிக்கு அரிப்பு ஆரம்பித்தபோது ஊசி போட்டோம், பத்து நாள் நிம்மதி, அப்புறம் பழையபடி ராத்திரி முழுக்க தரையில் கால் தட்டுகிற சத்தம். நான்கு மாதம் இப்படியே ஓடியது. அரிப்பை அடக்கினோமே தவிர, அது எதனால் வருகிறது என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். அவசரத்துக்கு உதவும், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் தாகம், அடிக்கடி சிறுநீர், தோல் மெலிவது என்று வேறு தொல்லைகள் வந்து சேரும்.

அதனால் முதலில் இடத்தைக் கவனியுங்கள். வாலடியிலும் பின்னிடுப்பிலும் கடித்துக்கொண்டால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. பாதத்தை நக்குவது, காது சிவப்பது, அக்குளும் அடிவயிறும் தடிப்பது என்றால் தூசி, மகரந்தம் போன்றவை அல்லது சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். காது ஓரமும் முழங்கையும் முடி கொட்டிப் பொருக்குத் தட்டினால் சொறிப்பூச்சியாக இருக்கலாம், தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பூனை பெரும்பாலும் நம் கண்ணெதிரே சொறியாது, நக்கி நக்கியே வயிற்று முடியை வழித்துவிடும். சுத்தம் செய்துகொள்கிறது என்று நாமும் விட்டுவிடுவோம்.

தெள்ளு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளை டிஷ்யூவை நனைத்து விரித்து, பேன் சீப்பால் வாலடியில் நன்றாக வாரி, சீப்பில் வரும் கறுப்புத் துகளை அதன் மேல் தட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். மணிக்கு அதுதான் வந்தது. எதுவும் வராவிட்டாலும் தெள்ளு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், அலர்ஜி உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடி போதும்.

நாய் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான், முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் அது படுக்கும் சாக்கு, சோபா இடுக்கு, மிதியடியில் கிடக்கும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். அதனால் வீட்டில் இருக்கிற எல்லா நாய்க்கும் பூனைக்கும் சேர்த்து, மூன்று மாதமாவது விடாமல் மருந்து, படுக்கையை வெந்நீரில் துவைப்பது, மூலைமுடுக்கெல்லாம் வேக்குவம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். மாட்டு உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய் மேல் ஊற்றுவதும் வேண்டாம். வேப்பெண்ணெய், டீ ட்ரீ ஆயில் எதையும் பூனை மேல் பூச வேண்டாம், பூசியதெல்லாம் நக்கி வயிற்றுக்குள்தான் போகும்.

தோல் பிசுபிசுத்து, புளித்த மாவு மாதிரி வாடை வந்தால் ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகியிருக்கலாம். மழைக்காலத்தில் இது அதிகம். டாக்டர் குளோர்ஹெக்சிடின் ஷாம்பூ தந்தால் நுரையோடு பத்து நிமிடம் விட வேண்டும். உடனே கழுவினால் பலன் இல்லை, மொபைலில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

தெள்ளும் சொறியும் இல்லை என்று தெரிந்த பிறகு சாப்பாட்டுக்கு வாருங்கள். நம் வீடுகளில் சிக்கனும் சோறும்தானே வழக்கம், அதை நிறுத்தி இதுவரை சாப்பிடாத ஒரு இறைச்சியோ மீனோ, டாக்டரிடம் கேட்டு, எட்டு வாரம் அது மட்டும். நடுவில் தாத்தா ஆசையாக ஒரு பிஸ்கட் போட்டால்கூட கணக்கு கெட்டுவிடும். அரிப்பு குறைந்தால் பழைய சாப்பாட்டை மறுபடி கொடுத்துப் பாருங்கள், அரிப்பு திரும்பினால் காரணம் அதுதான்.

பூனைக்கு வட்டமாக முடி கொட்டி, குழந்தையின் கையிலும் சிவப்பாக வட்டம் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். குழந்தையைத் தோல் டாக்டரிடமும் பூனையைக் கால்நடை டாக்டரிடமும் அதே வாரத்தில் காட்டுங்கள், ஒருவருக்கு மட்டும் பார்த்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும்.