ஒப்பந்தம் முடியும் தேதியை மட்டும் குறித்தால் போதாது
கம்பெனி ஒப்பந்தங்களில் ஒன்று அக்கவுண்டன்ட் மேசையிலும் இன்னொன்று யாரோ ஒருவரின் மெயிலிலும் கிடந்தால், ஏசி பராமரிப்பு ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்பட்டு பில் வந்த பிறகுதான் நமக்கே தெரியும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கிளவுட் மென்பொருளில் ஏற்றிவிடுங்கள். ஏற்றும்போதே, விலகுவதற்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டிய கடைசி நாளையும் பதியுங்கள். 60 நாள் நோட்டீஸ் என்றால் நினைவூட்டல் ஒப்பந்தம் முடிய 90 நாள் இருக்கும்போதே வரட்டும், பேரம் பேச நேரம் வேண்டுமே! சம்பள விவரம் உள்ளவற்றை எல்லோரும் திறக்க முடியாதபடி பூட்டி வையுங்கள்.

அப்புறம், 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மின்கையொப்பம் செல்லும் என்றாலும் முத்திரைத் தீர்வையை (ஸ்டாம்ப் டூட்டி) தனியாகக் கட்டத்தான் வேண்டும். ஸ்கேன்தான் இருக்கிறதே என்று முத்திரைத்தாள் அசலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வழக்கு என்று வந்தால் கோர்ட்டில் அதைத்தான் கேட்பார்கள்.